முந்தாமல் வந்த டிப்பர்

ஏழாம் அத்தியாயம்

பரந்தன் சந்தியில் அந்த பஸ்ஸைக் கண்டதும் றிஃபாத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத் தகரம் நெளிந்து, பின் பம்பர் கம்பியில் கட்டித் தொங்கிய அந்தக் கிழட்டு வண்டிக்கு முகம் மட்டும் புத்தம் புதிய நீலத்தில் பளபளத்தது.

“வயசுபோன மாப்பிள்ளை மூஞ்சிக்கு மட்டும் பவுடர் பூசின மாதிரிக் கிடக்கு, அக்கா.”

நிசாந்தினி சிரிக்கவில்லை. அவள் சிரிக்காத நாள்கள் றிஃபாத்துக்குப் பிடிப்பதில்லை. அப்படிப்பட்ட நாள்களில்தான் யாராவது அவர்களைத் துரத்திக்கொண்டு வருவார்கள்.

நிசாந்தினி பல வருடம் ஒரு காப்புறுதிக் கம்பனிக்காக நொறுங்கிய வாகனங்களைப் பார்த்து அறிக்கை எழுதியவள். யாருமே உண்மை பேசாத தொழில் என்று அலுத்துப்போய், கிளிநொச்சியில் ஒரு பார்மசியின் மாடியில் துப்பறியும் அலுவலகம் திறந்தாள். இங்கேயும் யாரும் உண்மை பேசவில்லை என்பது வேறு விஷயம். வவுனியாக்காரனான றிஃபாத் அவளுடைய சாரதி, எழுதுவினைஞன், தேநீர் போடுகிறவன். எல்லாவற்றுக்கும் மேலாக அந்த அலுவலகத்தின் வாய்.

அவர்கள் கையிலெடுத்திருந்த விவகாரம் போன மாதம் நடந்தது. பூநகரி வீதியில், ஜெயபுரத்துப் பக்கம் ஒரு வளைவைத் தாண்டியதும் வரும் மதகடியில், வயல் செய்யும் நடராசா என்ற கமக்காரர் வாகனம் மோதி இறந்து கிடந்தார். கள்ள மண் அள்ளுகிறவர்களுக்கு எதிராக விடாமல் முறைப்பாடு கொடுத்து வந்தவர் அவர். ஆகவே இது விபத்தல்ல, காசு வாங்கிக்கொண்டு செய்த வேலை என்று ஊர் முடிவுகட்டிவிட்டது. அந்த வேலையைச் செய்தவன் என்று பொலிஸ் பிடித்து உள்ளே வைத்திருப்பது மஸாஹிரை. முல்லைத்தீவுக்காரன். ஒரு பழைய லொறியில் ஊர் ஊராகப் போய் நெல் வாங்கி விற்கிறவன்.

சாட்சி சொன்னவர்கள் இரண்டு பேர். ஒருவர் இந்த நீல முகத்து பஸ்ஸின் சாரதி கிருபன். மற்றது மனிதனல்ல. பஸ்ஸின் பின்கண்ணாடியில் பூட்டியிருந்த கமரா.

பொறியியல் படித்துவிட்டு வந்த சுஜிதன் என்கிற பொடியன் அதைச் சில பஸ்களில் பரீட்சார்த்தமாகப் பூட்டியிருந்தான். பின்னால் வரும் வாகனத்தை அது பார்த்துக்கொண்டே இருக்கும். சாரதியின் முன்னால் உள்ள சின்னத் திரையில் அந்த வாகனத்தைச் சுற்றி மஞ்சளாக ஒரு பெட்டி போடும். வாகனம் வலப்பக்கம் விலகிப் பெரிதாகிக்கொண்டு வந்தால், முந்தப் போகிறது என்று கணக்குப் போட்டுப் பெட்டியைச் சிவப்பாக்கிக் கீச்சிடும். அந்தக் கட்டத்தைப் படம் பிடித்தும் வைக்கும். வெளிநாட்டு வீதிகளின் படங்களைக் காட்டிக் காட்டித்தான் அதைப் பழக்கியதாகச் சுஜிதன் தொலைபேசியில் பெருமையாகச் சொல்லியிருந்தான்.

அது பிடித்து வைத்திருந்த படத்தில் மஸாஹிரின் லொறி, இலக்கத் தகடு தெளிவாகத் தெரிய, சிவப்புப் பெட்டிக்குள் நின்றது. கிருபனின் வாக்குமூலமும் அதோடு பொருந்திப் போனது. லொறி தன்னை முந்திக்கொண்டு வளைவில் மறைந்ததாம். அவன் மதகடிக்கு வந்து பார்த்தபோது மனிதர் உயிரில்லாமல் கிடந்தாராம். மஸாஹிரோ பஸ்ஸை நான் முந்தவே இல்லை, வளைவுக்கு இந்தப் பக்கமே இடது கையில் இருக்கிற ஒழுங்கைக்குள் நெல் பார்க்கத் திரும்பிவிட்டேன் என்கிறான். ஒழுங்கைக்குள் அவனைக் கண்டவர் யாருமில்லை. லொறியைச் சோதித்தும் பிரயோசனமில்லை. அதில் இருக்கிற நெளிவுகளில் எது புதிது, எது பழையது என்று படைத்தவனுக்கே தெரியாது.

முந்தின நாள் அவனுடைய மனைவி சபூறா அலுவலகத்துக்கு வந்திருந்தாள். கதிரையைக் காட்டியும் உட்காரவில்லை. நாளை மறுநாள் கோர்ட்டில் வழக்கு எடுக்கிறார்கள், இனி அவரை விடமாட்டார்கள் என்று நின்றபடியே சொன்னாள். வீதி வேலைகளுக்குக் கிரவல் ஏற்றும் அவளுடைய தம்பி நாஸிம் வாசலில் தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

“நாங்கள் இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்த சனம், தம்பி,” என்று சபூறா றிஃபாத்தைப் பார்த்துச் சொன்னாள். “ஆரும் ஒரு சொல்லுச் சொல்லிப்போடக் கூடாது எண்டு பயந்து பயந்து இருந்தனாங்கள். இப்ப மிஷின் சொல்லுது எண்டுறாங்கள். மிஷினோட நான் என்னெண்டு சண்டை பிடிக்கிறது?”

எதற்கும் ஒரு பகிடி வைத்திருக்கும் றிஃபாத், “இருங்கோ ராத்தா,” என்று அக்கா முறை சொல்லிக் கதிரையை அவள் பக்கம் நகர்த்தினான். நிசாந்தினி மட்டும் நாஸிமோடு படியிறங்கிப் போய்க் கொஞ்ச நேரம் ஏதோ கதைத்துவிட்டு வந்தாள்.

அதனால்தான் இந்தப் பயணம். அன்றைக்கு ரயர் மாற்றிவிட்டு ஆளில்லாமல் பூநகரிக்குப் போன பஸ், இன்றும் ஆளில்லாமல் அதே வழியால் போகவேண்டும் என்று நிசாந்தினி கேட்டிருந்தாள். கமரா எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கத்தான் என்றதும் கிருபன் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டான். முப்பது வயது இருக்கும். நல்ல மரியாதை தெரிந்த பொடியன். சீட்டைத் துடைத்துவிட்டு இருக்கச் சொன்னான்.

சாரதிக்கு முன்னால் கண்ணாடியோரம் நிறையத் தண்ணீர்ப் போத்தல்கள் வரிசையாக அடுக்கியிருந்தன. எல்லாம் மூடி உடைக்காதவை.

“என்ன தம்பி, ஓட்டத்தோட தண்ணி வியாபாரமுமோ?” என்று கேட்டான் றிஃபாத்.

“வெய்யில் அண்ணை,” என்றான் கிருபன். கதவின் சுவிச்சைத் தட்டினான். கதவு பெருமூச்சு விட்டபடி மூடிக்கொண்டது.

பரந்தனை விட்டு மேற்கே திரும்பிய சற்று நேரத்தில் திரையில் ஒரு மஞ்சள் பெட்டி தோன்றியது. பெட்டிக்குள் ஒரு டிப்பர். கண்ணாடி முழுவதும் புழுதி. இலக்கத் தகட்டில் சேறு அப்பியிருந்தது.

வீதி நேராகக் கிடந்தது. இரண்டு பக்கமும் அறுத்து முடிந்த வயல். எதிரே ஒரு மாடுகூட இல்லை. முந்துவதற்கு இதைவிட நல்ல இடம் இலங்கையிலேயே கிடைக்காது. டிப்பர் முந்தவில்லை. கிருபன் வேகத்தைக் குறைத்தான். டிப்பரும் குறைத்தது. கூட்டினான், அதுவும் கூட்டியது. மஞ்சள் பெட்டி பெருக்கவும் இல்லை, சிறுக்கவும் இல்லை.

மண் அள்ளுகிறவர்களின் டிப்பர்கள் இலக்கத் தகட்டில் சேறு பூசிக்கொண்டு ஓடுவது இந்தப் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நடராசாவின் விஷயத்தைக் கிண்டுகிறவர்களை அவர்கள் சும்மா விடுவார்களா?

“அக்கா, ஒருத்தன் எங்களுக்குப் பின்னால வாறான்.”

“தெரியும்.”

“பரந்தனில இருந்து வாறான்.”

“அதுவும் தெரியும். திரையைப் பாரும்.”

பார்த்தான். பார்க்கப் பார்க்கப் பயம்தான் கூடியது. டிப்பரின் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற ஆளின் முகம் தெரியவே இல்லை. அவன் எதற்காகக் காத்திருக்கிறான் என்பதும் தெரியவில்லை. தங்களை எந்த மதகடியில் யார் கண்டெடுப்பார்கள் என்று றிஃபாத் யோசிக்கத் தொடங்கினான். பிள்ளைகளின் முகம் ஒவ்வொன்றாக வந்து போனது. பகிடி ஒன்று சொன்னால் கொஞ்சம் தெம்பாக இருக்கும் என்று தோன்றியது. ஒன்றும் வரவில்லை.

கிருபன் அடிக்கடி திரையைப் பார்த்தான். அவனுடைய கழுத்தில் வியர்வை வழிந்தது. பாவம், இவனுக்கும் பயம்தான் என்று றிஃபாத் நினைத்துக்கொண்டான்.

ஜெயபுரத்தை நெருங்கியபோது வீதியில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. அறுவடைக் காலம். வன்னியில் அந்த மாதங்களில் தார் வீதியில் பாதி கமக்காரருக்குச் சொந்தம். இடப்பக்கம் முழுவதும் நெல்லைப் பரவி, ஓரத்தில் கல்லும் மரக்கொப்பும் வைத்திருப்பார்கள். வாகனக்காரர் யாரும் அதைக் குறையாகச் சொல்வதில்லை, மற்றப் பாதியால் போவார்கள். இரண்டு பெண்கள் தலையில் துவாயைப் போட்டுக்கொண்டு காலால் நெல்லைத் துழாவிக்கொண்டிருந்தார்கள். கிருபன் யோசிக்காமலே வலப்பக்கம் விலகினான். பின்னால் டிப்பரும் விலகியது. றிஃபாத்தின் கண் நெல்லைக் கண்டது, மனம் காணவில்லை. பிறந்த நாளிலிருந்து பார்க்கிறதை யார் கணக்கெடுப்பார்கள்?

நெல் முடிந்த இடத்தில் கிருபன் வேகத்தைக் குறைத்து, வண்டியை இடப்பக்கத்துக்குத் திருப்பினான். முன்னால் வளைவு தெரிந்தது.

அப்போதுதான் அந்தக் கீச்சுச் சத்தம் கேட்டது.

திரையில் பெட்டி சிவந்திருந்தது. டிப்பர் வலப்பக்கத்தில், பெரிதாகிக்கொண்டே வந்தது. றிஃபாத் முன்சீட்டின் கம்பியை இறுகப் பிடித்துக் கண்ணை மூடினான். இடி விழப்போகிறது என்று காத்திருந்தான். இடி விழவில்லை. கண்ணைத் திறந்தபோது டிப்பர் பழையபடி இடப்பக்கத்தில், அடக்க ஒடுக்கமாகப் பின்னால் வந்துகொண்டிருந்தது. பெட்டி மஞ்சளாகியிருந்தது.

அவனுக்கு மண்டையில் பொறி தட்டியது.

“அக்கா, இது பொய் சொல்லுது. அவன் முந்தேல்லை. முந்துறான் எண்டு இது கத்துது!”

சொன்ன பிறகுதான் நிசாந்தினி அவனுடைய கையை அழுத்தியிருப்பதைக் கவனித்தான். அவள் ஒரு கணம் அவனைப் பார்த்தாள். பிறகு எதையோ முடிவெடுத்தவளாக, சாரதிக்கும் கேட்கும்படி சத்தமாகவே பேசினாள்.

“அந்தப் படத்தில எல்லாரும் சிவப்புப் பெட்டிக்குள்ள பாத்தவை. நான் பெட்டிக்கு வெளியில பாத்தனான், றிஃபாத். லொறிக்குப் பக்கத்தில வீதி மஞ்சளாய்க் கிடந்தது. நெல்லு.”

அதற்குப் பிறகு அவள் விளக்கியது இதுதான். நெல்லைச் சுற்றிக்கொண்டு பஸ்ஸும் லொறியும் ஒன்றன்பின் ஒன்றாக வலப்பக்கத்தால் வருகின்றன. நெல் முடிந்ததும் பஸ் இடப்பக்கம் திரும்புகிறது, வேகத்தைக் குறைக்கிறது. பின்னால் இருக்கிற லொறி இன்னும் நெல்லைத் தாண்டவில்லை, ஆகவே வலப்பக்கத்திலேயே வருகிறது. கமராவின் கண்ணுக்கு லொறி வலப்பக்கம் விலகியதாகவும் நெருங்கியதாகவும் தெரியும். உண்மையில் விலகியது பஸ். வெளிநாட்டு வீதிகளைப் பார்த்துப் படித்த இயந்திரத்துக்கு, வீதியில் நெல் காயப்போடுவார்கள் என்று எப்படித் தெரியும்? இயந்திரத்துக்கு நெல்லைத் தெரியாததால் சொல்லவில்லை. இங்கே உள்ள சனத்துக்கு நெல்லை அளவுக்கு மிஞ்சித் தெரிந்ததால் சொல்லவில்லை. நெல் வியாபாரியான மஸாஹிருக்கே அதைச் சொல்லவேண்டும் என்று படவில்லை.

றிஃபாத்துக்கு எழும்பி ஆடவேண்டும் போல் இருந்தது. சபூறா கதிரையில் உட்காராமல் நின்ற நிலை கண்முன் வந்தது. மஸாஹிர் தப்பினான். வாய் தன் வேலையைத் தொடங்கியது.

“அப்ப லொறி முந்தேல்லை. வேற வாகனம் முந்தியிருந்தாலும் இது கத்திப் படம் பிடிச்சிருக்கும், அப்பிடி ஒண்டும் இல்லை. எதிரில வந்ததாயும் ஒருத்தரும் சொல்லேல்லை. பிறகு நடராசாவை அடிச்சது ஆர்? மதகடிக்கு முதல்ல போனது…”

வாக்கியம் பாதியில் நின்றுவிட்டது. லொறி முந்தவில்லை என்றால், மதகடிக்கு முதலில் போனது பஸ்.

முகத்துக்கு மட்டும் புதுப் பெயின்ற். விளக்குகளும் புதிது. சாட்சி சொல்ல வந்த வண்டியின் முன்பக்கத்தை யாரும் பார்க்கவில்லை. கமரா பின்பக்கத்தில்தானே இருந்தது. பரந்தனிலிருந்து றிஃபாத்தும் பின்னாலேயே பார்த்துக்கொண்டு வந்திருக்கிறான்.

பஸ் மதகைத் தாண்டியது. ஜெயபுரம் பஸ் தரிப்பிடத்தில் இறக்கிவிடும்படி நிசாந்தினி முதலிலேயே சொல்லியிருந்தாள். தரிப்பிடமும் தாண்டிப் போனது.

“தம்பி, நாங்கள் இறங்கவேணும்,” என்றான் றிஃபாத்.

கிருபன் திரும்பிப் பார்க்கவில்லை. வேகம் கூடியது. தண்ணீர்ப் போத்தல்கள் ஒன்றோடொன்று உரசி நடுங்கின. கதவின் சுவிச் அவனுடைய கைக்குள் இருந்தது.

“கிருபன்,” என்று நிசாந்தினி மெல்லக் கூப்பிட்டாள். “அண்டைக்கும் உந்தச் சத்தம் கேட்டதுதானே?”

அவன் பேசத் தொடங்கியபோது வீதியோடு பேசுவது போலிருந்தது.

“கத்திச்சுது. பாத்தன், சிவப்பு. திருப்பிப் பாக்க லொறியைத் திரையில காணேல்லை. பக்கத்தில வந்திட்டான் எண்டுதானே நினைப்பன்? வழி விடுவம் எண்டு இடப்பக்கம் ஒதுக்கினனான், அக்கா. வலப்பக்கக் கண்ணாடியைப் பாத்துக்கொண்டு ஒதுக்கினனான்.”

லொறி அந்த நேரம் ஒழுங்கைக்குள் திரும்பியிருந்தது. இல்லாத லொறிக்கு வழிவிடப் போய், வீதியோரம் நின்ற மனிதர் மேல் வண்டியை ஏற்றியிருக்கிறான். றிஃபாத்துக்கு அவன் மேல் இரக்கம் வந்தது. அந்த இரக்கம் நிசாந்தினியின் அடுத்த கேள்வியோடு செத்துப்போனது.

“இறங்கிப் பாத்தனீரோ? உயிர் இருந்ததோ?”

கிருபனின் தோள்கள் குலுங்கின.

“தண்ணி கேட்டவர். என்னட்ட ஒரு சொட்டும் இருக்கேல்லை. எடுத்துக்கொண்டு வாறன் ஐயா எண்டு சொல்லிப்போட்டு வந்தனான்.”

அவன் திரும்பிப் போகவில்லை. பூநகரிக்குப் போனபிறகு, ஒரு மனிதர் செத்துக் கிடக்கிறார் என்று மட்டும் சொன்னான். சனம் போய்ச் சேர்ந்தபோது அது உண்மையாகியிருந்தது. லொறி முந்தவில்லை என்பது மதகடியில் இறங்கியபோதே அவனுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் பொலிஸ் வந்து கமராவில் இருந்த படத்தைக் காட்டி, இவன்தானே முந்தினவன் என்று கேட்டபோது, ஓம் என்பது அவ்வளவு லேசாக வாயில் வந்ததாம்.

வீதி இப்போது வெறிச்சோடிக் கிடந்தது. வயல்கள் முடிந்து பற்றைக்காடு தொடங்கியிருந்தது. தூரத்தில் களப்பின் தண்ணீர் வெள்ளையாகத் தெரிந்தது. அதை நோக்கி ஒரு கிரவல் பாதை பிரிந்து போனது.

“நீங்கள் வெளியில போய்ச் சொல்லுவீங்கள்,” என்றான் கிருபன். மரியாதை தெரிந்த அதே குரல்தான். “அம்மாவுக்கு என்னை விட்டா ஆக்கள் இல்லை.”

கத்துகிறவனோடு கதைக்கலாம். இப்படித் தாழ்ந்த குரலில் பேசுகிறவனோடு எதைக் கதைப்பது? எழும்பி ஸ்டியரிங்கைப் பிடிக்கலாமா என்று றிஃபாத் ஒரு கணம் நினைத்தான். இந்த வேகத்தில் பிடித்தால் எல்லாருமே முடிந்தோம். நிசாந்தினியைப் பார்த்தான். அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கீச்சுச் சத்தம் மறுபடியும் கேட்டது. பெட்டி சிவந்தது.

கிருபன் அதைப் பார்க்கவே இல்லை. ஒரு மாதிரிச் சிரித்தான்.

“உது பொய்தானே,” என்றான்.

இங்கே நெல் இல்லை என்பதை அவன் மறந்துபோனான். கிரவல் பாதைக்குத் திரும்புவதற்காக வேகத்தைக் கொஞ்சம் குறைத்தபோது, வலப்பக்கக் கண்ணாடிகள் எல்லாம் ஒரேயடியாக இருண்டன. டிப்பர் உறுமிக்கொண்டு பக்கத்தில் வந்தது, தாண்டியது, பாதையின் வாயை அடைத்துக்கொண்டு குறுக்கே நின்றது. சாரதியின் கால் மனதைக் கேட்காது. கிருபனின் கால் பிரேக்கை மிதித்தது. போத்தல்கள் எல்லாம் சிதறி, பஸ் முழுவதும் உருண்டன.

நீல முகம் டிப்பரின் தகரத்தை முட்டுகிற தூரத்தில் பஸ் நின்றது.

டிப்பரிலிருந்து குதித்தவனைக் கண்டதும் றிஃபாத்துக்கு மூச்சு வந்தது. நாஸிம். பின்னாலேயே வரவேண்டும், என்ன நடந்தாலும் முந்தக்கூடாது, ஜெயபுரத்தில் பஸ் நிற்காவிட்டால் மட்டும் முந்தவேண்டும் என்று நிசாந்தினி அவனிடம் சொல்லி வைத்திருக்கிறாள். சேறு பூசினதும் அவளுடைய யோசனைதான். தெரிந்த இலக்கம் பின்னால் வந்தால் கிருபன் உசாராகிவிடுவான்.

“என்னட்டச் சொல்லியிருக்கலாம், அக்கா.”

“சொல்லியிருந்தா உம்மட முகத்தில பயம் இருந்திராது. அவன் உம்மட முகத்தைக் கண்ணாடியில பாத்துக்கொண்டுதான் வந்தவன்.”

கையில் ஆதாரம் என்று எதுவுமே இருக்கவில்லை என்பதை அவள் அப்போதுதான் ஒப்புக்கொண்டாள். நெல்லால் மஸாஹிரைக் காப்பாற்றலாமோ இல்லையோ, கிருபனின் வாய் திறந்தால்தான் நடராசாவுக்கு நியாயம் கிடைக்கும். அதற்காக இரண்டு உயிரைப் பணயம் வைத்திருக்கிறாள். றிஃபாத்துக்குக் கோபம் வந்தது. பிறகு பேசிக்கொள்ளலாம் என்று அடக்கிக்கொண்டான்.

கிருபன் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டிருந்தான். நாஸிம் கதவைத் தட்டியபோது தானாகவே சுவிச்சைப் போட்டான். ஓட முயலவில்லை. நாளைக்குக் கோர்ட்டில் தானே சொல்லிவிடுகிறேன் என்று யாரையும் பார்க்காமல் சொன்னான். பிறகு காலடியில் உருண்டு வந்த ஒரு போத்தலை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான். திறக்கவில்லை.

நிசாந்தினி தொலைபேசியை றிஃபாத்திடம் நீட்டினாள். சபூறாவின் இலக்கம் ஏற்கனவே போய்க்கொண்டிருந்தது. அவன் கீழே இறங்கி வீதியோரத்துக்குப் போனான். நல்ல செய்தி சொல்லும்போது அவன் எப்போதும் ஒரு பகிடியோடுதான் தொடங்குவான். இன்றைக்கு எங்கே தேடியும் ஒன்று அகப்படவில்லை.

“ராத்தா,” என்றான், “மஸாஹிர் நானா முந்தேல்லை.”

அவளுடைய குரல், அழுகையோடு அல்ல, களைத்துப்போய் வந்தது.

“அதைத்தானே தம்பி, அவர் அண்டையில இருந்து சொல்லுறார்.”